சைடு கார் இல்லாத புலி வேட்டை

அநியாயம் இழைக்கப்பட்டவள் என் அக்கா சந்திரமதி. இழைத்தவர் அவளுடைய கணவர், ஜொகூரில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, திருவாளர் மணியம். ஆயுதம், ஒரு புலி.

அந்தப் புலி பிறந்ததை நான் நேரில் பார்த்தேன். சிங்கப்பூர்க் காலேஜ் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் உறுமி நின்றன. அத்தானின் கூட்டாளிகள் அய்யாவு, மூர்த்தி, லியாக்கத் அலி. அத்தானிடம் ஏதோ குசுகுசுத்தார்கள். அத்தான் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"சந்திரா, பயப்படாதே."

இப்படி ஆரம்பித்தால் எவள்தான் பயப்படமாட்டாள்?

"என்னங்க?"

"புலி! நம்ம தோட்டத்துப் பால்மரக்காட்டுல நடமாடுதாம். நாங்க நாலு பேரும் விரட்டப் போறோம்."

"அய்யோ முருகா! நீங்க ஏன் போறீங்க?"

"ஆம்பளைங்க போகாம? நான் போனதும் தாழ்ப்பாள் போடு. யார் கூப்பிட்டாலும் திறக்காதே. இந்த ஊர்ப் புலி மனுஷக் குரல்லகூடக் கூப்பிடுமாம். மலாய்க்காரங்க சொல்றாங்க."

பொய் சொல்பவர்கள் போதும் என்கிற இடத்தில் நிறுத்துவதே இல்லை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அக்கா தாழ்ப்பாள் போட்டாள். அதற்கு முட்டுக்கொடுக்க அரிசி மூட்டையை நகர்த்தினாள். உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை நடுங்கியது. தகரக் கூரையில் ரப்பர்க் காய் வெடித்து விழுந்தாலே "வந்துடுச்சு!" என்று அலறினாள். நானும் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். படித்தவளுக்குப் புலி பயம் இருக்கக்கூடாதா என்ன?

"கையில ஒரு கம்புகூட எடுத்துட்டுப் போகலையேடி! முருகா, அவர் உசுரோட திரும்பி வரட்டும். தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுப்பார்!"

மத்தியானம் சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். அத்தானின் மோட்டார் சைக்கிள் இல்லை. சைடு கார் மட்டும் ஒற்றைச் சக்கரத்தோடு, கால் ஒடிந்த மாடு மாதிரி சாய்ந்து கிடந்தது.

அது அக்காவின் சிம்மாசனம். "ஜொகூர் பாருவுல மோட்டார் சைக்கிள் ரேஸ் வந்தா இதுல உட்கார வச்சு உன்னைக் கூட்டிட்டுப் போவேன்" என்று அத்தான் சத்தியம் செய்து ஆறு மாதமாகிறது.

"அக்கா, புலியை விரட்ட மோட்டார் சைக்கிள் எதுக்கு? சைடு காரை எதுக்குக் கழற்றணும்?"

நான் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பேப்பரை விரித்தேன். நடுப்பக்கத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. வரும்போது நான் படித்த ரேஸ் விளம்பரம் இருந்த இடம்.

"இன்னிக்குத்தானா?" என்றாள் அக்கா.

"இன்னிக்குத்தான்."

அக்கா உலக்கையைக் கீழே வைத்தாள். நடுக்கம் நின்றுவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்கு நடுங்க ஆரம்பித்தது.

பொழுது சாயும் நேரம். மழை பிடித்துக்கொண்டது. அரை மைல் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு அத்தான் வந்து சேர்ந்தார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். கூட்டாளிகள் ரெங்கத்திலேயே கழன்றுகொண்டார்களாம். வழியில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவர், "ஹாத்தி ஹாத்தி, ரிமாவ்!", அதாவது ஜாக்கிரதை, புலி என்று எச்சரித்தாராம். நேற்று அவருடைய ஆட்டை நிஜமாகவே புலி தூக்கிப் போயிருந்ததாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கேட்டது கதவு இடிபடும் சத்தம்தான்.

"சந்திரா! கதவைத் திற!"

"யாரு?"

"நான்தான்டி, மணியம்! சீக்கிரம், புலி!"

"அய்யோ, புலி இருக்கா? அப்ப திறக்கக்கூடாதே!"

"இல்ல, இல்ல! புலியே இல்ல! காலையில சும்மா சொன்னேன்!"

"இல்லைன்னா ஏன் குரல் நடுங்குது?"

"இப்ப நெசமாவே இருக்குடி!"

"அப்ப சத்தியமாத் திறக்கமாட்டேன்."

"காலையில பொய்! ரேஸ் பார்க்கப் போனோம்! தப்புதான்! அலமாக், அய்யோ, மரத்துக்குப் பின்னால ஏதோ உறுமுது! உன் புருஷன்டி நான், என் குரல் தெரியலையா உனக்கு?"

அக்கா ஒரு கையைத் தாழ்ப்பாளில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, வாசல்வரை கேட்கும்படி சொன்னாள்:

"உங்க அத்தான் பொய்யே சொல்லமாட்டாருடி. பாரு, புலி அச்சு அசல் அவர் குரல்லயே கூப்பிடுது!"