டிவிக்குத் தொண்டை கட்டியது

டிவி வாயைத் திறக்கவில்லை.

இசக்கிமணி அதை உடனே கவனிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஊரில் இல்லை, கிரிக்கெட் மேட்ச், தட்டு நிறைய முறுக்கு, வெளியே சாரல். மனிதர் சொர்க்கத்தில் இருந்தார். ரிமோட்டில் கைக்கு வந்த பட்டனையெல்லாம் அமுக்கி மேட்சைக் கண்டுபிடித்து, ரெண்டு விக்கெட் விழுந்து, முறுக்கும் தீர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்த வீட்டு டிவி பட்டனைத் தொட்டாலே பேசுமே. சேனல் நம்பரைச் சொல்லும், நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லும், சத்தத்தைக் கூட்டினால் கூட்டியதைச் சொல்லும். இன்றைக்கு ஏன் ஊமையாக இருக்கிறது?

மெதுவாக ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தார். சேனல் மாறியது. பேச்சில்லை.

"செத்தேன்" என்றார் இசக்கிமணி.

அவர் மனைவி ஆனந்தவள்ளிக்குப் பார்வை கிடையாது. கண்ணில் நீர் அழுத்தம் வந்து சில வருசத்துக்கு முன்னால் சுத்தமாகப் போய்விட்டது. சீரியல் ஆசை மட்டும் போகவில்லை. வசனம் காதில் விழும். ஆனால் சீரியலில் பாதி நேரம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டுதானே நிற்கிறார்கள். "இப்ப என்ன நடக்கு?" என்று புருஷனைக் கேட்பாள். "என்னத்த நடக்கு, சும்மா நிக்காவ" என்பார் இசக்கிமணி, செல்போனிலிருந்து தலையை எடுக்காமல்.

கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்தது. சொல்லாமலே அவருக்கும் அலுத்தது. கடைசியில், பார்வையில்லாதவர்களுக்காகப் பேசும் வசதியுள்ள இந்த டிவியை வாங்கி வந்து மாட்டினார். "இனிமே எல்லாத்தையும் இது சொல்லும். என்னைக் கேக்காத" என்றார்.

அது சேனல் நம்பரைச் சொன்னது. முறைக்கிறவள் யார் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஆனந்தவள்ளி குறை சொல்லவில்லை. யார் தயவும் இல்லாமல் தானே போட்டாள், தானே மாற்றினாள், தானே அணைத்தாள். புருஷனைக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்ட டிவி. போன மாசம்தான் அவளுடைய பேசும் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுகிறேன் என்று போய் இசக்கிமணி எதையோ திருகிவிட, அது மணியைச் சீன பாஷையில் சொல்ல ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே ஆனந்தவள்ளி சொல்லிவிட்டாள்: "இனி என் சாமான்ல ஒண்ணைத் தொட்டுக் கெடுத்தீயன்னா, நான் பண்பொழியில தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கிடுதேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

இன்றைக்கு அவள் போயிருப்பதும் அதே தங்கச்சி வீட்டுக்குத்தான். நேற்று வெகுநேரம் குற்றாலத்துச் சிநேகிதி குழல்வாய்மொழியோடு போனில் குசுகுசுவென்று பேசினாள். காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது டிவியில் செய்தி கேட்டாள். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, "நான் வாரதுக்குள்ள இதை நோண்டாதீய" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சாயங்காலம் வந்துவிடுவாள். சாயங்காலம் ஆக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

இசக்கிமணி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"சார், டிவியில சவுண்டு வருதா?" என்றது ஒரு பெண் குரல்.

"வருது."

"அப்ப என்ன சார் ப்ராப்ளம்?"

"பேச மாட்டேங்குது."

"யாரு சார்?"

"டிவிதான்."

"மேட்ச்ல கமெண்டரி கேக்குதா சார்?"

"அது கேக்கு. அவுக பேசுதாவ. இது பேசல."

"சார், வீட்ல வேற யாராவது இருந்தா போனைக் குடுங்களேன்."

கடைசியில் அந்தப் பெண் ரீசெட் செய்யச் சொன்னாள். செய்தார். டிவி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மேட்ச் போனது, சேனல் போனது, எந்த பாஷை வேண்டும் என்று கேட்டு ஒரு நீளப் பட்டியல் வந்தது. பதற்றத்தில் தமிழுக்கு ஒரு படி தள்ளி அமுக்கிவிட்டார். திரை முழுக்க மலையாளம். செங்கோட்டை தாண்டி ஒருநாளும் போகாத மனிதருக்கு அது ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுச் சனோபரைக் கூப்பிட ஓடினார். அவள் கடையநல்லூர்க்காரி, புருஷன் துபாயில். அதே கம்பெனி டிவிதான் அவள் வீட்டிலும். வந்தவள் மலையாளத்தைத் தமிழாக்கினாள், வைஃபையைப் போட்டாள், சேனலை எல்லாம் வரவைத்தாள்.

"பேச்சு?" என்றார் இசக்கிமணி.

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எங்க வீட்ல டிவியும் பேசாது, அவுகளும் பேச மாட்டாவ. பேசுதது நான் மட்டுந்தான்."

வாசலில் பைக் வந்து நின்றது. தங்கச்சி புருஷன் ஆனந்தவள்ளியை இறக்கிவிடும் சத்தம். "நான் வரவும் இல்ல, பாக்கவும் இல்ல" என்று சொல்லிவிட்டு சனோபர் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

ஆனந்தவள்ளி கால் கழுவினாள், திருமலைக் கோயில் திருநீறை அவர் நெற்றியில் பூசினாள், நேராகப் போய் டிவிக்கு எதிரே உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தாள். இசக்கிமணிக்கு அந்த நேரத்தில் வந்தது யோசனை இல்லை, பயம். பயத்தில் கால் தானாக ஓடி டிவிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்தது. அவள் ஒரு பட்டனை அமுக்கினாள்.

"சேனல், நூத்தி நாலு" என்றார் இசக்கிமணி, கீச்சுக் குரலில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடையில் காய்கறி ஏலம் கூறுகிறவர் இசக்கிமணி. தக்காளி விலையை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்க வைக்கிற தொண்டை. அதைப் பெண் குரலாக ஒடுக்கினால் என்ன வரும்? கதவு கீல் மாதிரி ஒன்று வந்தது.

ஆனந்தவள்ளி தலையைச் சாய்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

"நூத்தி அஞ்சு."

அமுக்கினாள்.

"நூத்தி ஆறு. நூத்தி ஆறு, ஒரு தரம்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள் ஆனந்தவள்ளி. "எங்கன இருக்கீய?"

இசக்கிமணி பூனை மாதிரி நடந்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். "இங்கனதான் இருக்கேன். என்ன?"

"டிவி ஒரு தரம்ங்குது. குரலும் ஒரு மாதிரியா இருக்கு."

"அப்டேட் வந்திருக்குட்டி. மத்தியானம் திரையில போட்டான். இனிமே குரலு இப்படித்தானாம்."

"ஓ, அப்டேட்டா" என்றாள். "உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"முறுக்கு கொஞ்சம் கூடப் போச்சு."

அவள் தலையாட்டினாள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்த அப்பாடா ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சீரியல் ஆரம்பித்தது, இசை மட்டும் திடும் திடும் என்று அடித்தது, ஆனந்தவள்ளி டிவியைப் பார்த்தே கேட்டாள்: "ஏ டிவி, இப்ப என்ன நடக்கு?"

இசக்கிமணி நாற்காலியிலிருந்து, "அதெல்லாம் டிவி சொல்லாதுட்டி" என்றார்.

"அப்டேட் வந்திருக்குன்னு நீங்கதான சொன்னீய. அப்டேட்டுன்னா கேட்டா சொல்லும்லா? சொல்லலைன்னா ரிப்பேர்தான். மெக்கானிக்கை வரச்சொல்லணும். யாரு நோண்டுனான்னு அவன் பாத்ததும் சொல்லிருவான்."

இசக்கிமணி மறுபடி டிவிக்குப் பக்கத்தில் இருந்தார். "மாமியா மொறைக்கா" என்றது டிவி.

"யாரை?"

"மருமவளை."

"மருமவ மூஞ்சி எப்படி இருக்கு?"

புருஷனாக இருந்தால் "மூஞ்சி மூஞ்சியாத்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பார். டிவி அப்படிச் சொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நேத்து விக்காம கெடந்த கீரைக்கட்டு கணக்கா இருக்கு. சேலை கத்தரிக்காக் கலரு. நாட்டுக் கத்தரி இல்ல, வரிக் கத்தரி. அழப் பாக்கா, ஆனா கண்ணீர் வரல. பொறு, வந்துட்டு. ஒரு கண்ணுல மட்டும் வந்துட்டு."

ஆனந்தவள்ளி சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகம் இல்லை. குத்தவைத்த கால் மரத்துப்போனதும் தெரியாமல் மிச்சக் கதையையும் சொன்னார். சுவாரஸ்யத்தில், "ஏட்டி, அங்கன பாரு, கதவுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான்" என்று முழுக்குரலில் சொல்லிவிட்டு உறைந்துபோனார்.

"ஏங்க, டிவி என்னை ஏட்டிங்குது."

ஓடி வந்து நாற்காலியில் விழுந்தார். "அந்தந்த ஊருப் பேச்சுக்குத் தகுந்த மாதிரி அப்டேட் விட்டிருக்கான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஆனந்தவள்ளி.

அன்றைக்குத் தப்பித்தார். மறுநாளும் தப்பித்தார். அந்த வாரம் முழுக்க மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் டீக்கடையில் உட்காராமல் முதல் பஸ்ஸில் தென்காசி வீட்டுக்கு ஓடி வந்தார். பயத்தில்தான் ஓடி வருகிறோம் என்று நினைத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நின்றபடி, சீரியலில் மாமியார் பீரோ சாவியை எங்கே ஒளித்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருசம் புருஷனாக இருந்து சொல்லாததை டிவியாக இருந்துதானே சொல்கிறோம். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தார். பண்பொழி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை அடுத்த இடி.

"நாளைக்குக் குழல்வாய்மொழி வாரா" என்றாள் ஆனந்தவள்ளி. "அவளுக்கும் கண்ணு தெரியாதுலா. எங்க டிவி நம்ம ஊருப் பேச்சு பேசுதுன்னு சொன்னேன், கேட்டே ஆவணும்ங்கா. அவ வீட்டுக்காரரும் கூட வாராரு."

"அவருக்கு?"

"அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

இசக்கிமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாரலில் நனைந்ததோ, ஒரு வாரம் கீச்சுக் குரலில் பேசியதோ, தொண்டையும் கட்டிக்கொண்டது.

ஞாயிறு சாயங்காலம் குற்றாலத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். குழல்வாய்மொழி வாட்டசாட்டமாக, கலகலவென்று இருந்தாள். அவள் புருஷன் கணேசமூர்த்தி மெலிந்த மனிதர், அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கிறவர், ஒரு பை நிறைய மங்குஸ்தான் கொண்டுவந்திருந்தார். பேச்சு மிகவும் குறைவு.

பெண்கள் இருவரும் டிவிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சீரியலை மறுஒளிபரப்பில் போட்டாள் ஆனந்தவள்ளி. வேறு வழியில்லை. இசக்கிமணி, கணேசமூர்த்தியின் கண்ணுக்கு எதிரேயே தவழ்ந்து போய் டிவிக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். அங்கிருந்தபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, காட்டிக்கொடுக்காதீர்கள் என்று கும்பிட்டார்.

கணேசமூர்த்தி பதறவில்லை, சிரிக்கவும் இல்லை. மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு ஒரு மங்குஸ்தானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மாமியா மாடிப்படியில எறங்குதா" என்றது டிவி, கரகரவென்று. "கையில சாவி. மருமவ பாக்கா. பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டா."

"அடேயப்பா, எவ்வளவு தெளிவாச் சொல்லுது" என்றாள் குழல்வாய்மொழி. "ஏன் ஆனந்தவள்ளி, டிவிக்குச் சளி பிடிச்சிருக்கோ?"

"சாரல் காத்துக்கு வச்சிருக்கம்லா" என்றாள் ஆனந்தவள்ளி.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இசக்கிமணி இருமலை விழுங்கி விழுங்கிக் கண்ணில் நீர் வரக் கதையை முடித்தார். வசனம் இல்லாத இடத்திலெல்லாம் கணேசமூர்த்தியின் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. மங்குஸ்தான் மெல்லுகிறார் போல என்று இசக்கிமணி நினைத்துக்கொண்டார்.

விளம்பரம் வந்ததும் பெண்கள் காப்பி போட அடுப்படிக்குப் போனார்கள். இசக்கிமணி கணேசமூர்த்தியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஆருகிட்டயும் சொல்லிராதீய. டிவி பேச்சை நான்தான் கெடுத்துப்புட்டேன். எதை அமுக்குனேன்னு தெரியல. அவளுக்குத் தெரிஞ்சா பண்பொழிக்குப் போயிருவா. அவ போயிட்டா நான் என்ன செய்வேன்?"

சொல்லும்போதே குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. கணேசமூர்த்தி அவர் முதுகைத் தடவிவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பனங்கற்கண்டும் மிளகும்.

"வாயில அடக்கிக்கிடுங்க, தொண்டைக்கு நல்லது" என்றார் கணேசமூர்த்தி. "நீங்க ஒண்ணும் கெடுக்கல அண்ணாச்சி, பேச்சை எந்தப் பட்டன்ல நிப்பாட்டணும்னு எங்க வீட்டுக்காரிதான் உங்க வீட்டம்மாவுக்குப் போன்ல சொல்லிக்குடுத்தா, எங்க வீட்ல ரெண்டு வருசமா டிவி நான்தான்."