பிள்ளையாரும் இரண்டு அங்குலமும்

விசுவமடு.

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் விஜிதரன் எழுதுவது. இங்கே நானும் சுகந்தினியும் இலட்சுமி மாமியும் சுகம். அங்கே நீங்களும் ராஜினி அக்காவும் சுகமாக இருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். அவருக்கு இந்த வருடம் நான் கொடுத்த தொல்லைக்குப் பிறகும் அவர் எங்களைக் கைவிடவில்லை என்பதால் இதை நம்பிச் சொல்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தொலைபேசியில் நான் ஒரு வசனம் தொடங்கினால் அதை நீங்கள் முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் மறிக்க முடியாது. ஆகவே, கனடா வருகிற ஒருவரிடம் அக்காவுக்குக் கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் பொதிக்குள் இதை வைக்கிறேன். வாசிக்கும்போது கண் எரிந்தால் அது தூள், பாசமில்லை.

விசயம் பிக்கப்பைப் பற்றியது. போன மார்கழியில் நீங்கள் வந்தபோது, உங்கள் சூட்கேசுகளையெல்லாம் பின்பெட்டியில் அடுக்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கையின் குறுக்கே போகும் வாய்க்காலில் இறங்கி ஏறினோமே, அப்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது நினைவிருக்கும். நீங்கள் அந்த இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "விஜி, உன்ர வாகனம் வயது போய்த் தொய்ஞ்சு போச்சு. நாலு இஞ்ச் தூக்கு. கனடாவில எல்லாரும் தூக்கித்தான் ஓடுறாங்கள்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்த 'டங்' போகவில்லை. பிக்கப்பின் அடி ஒவ்வொரு முறையும் வாய்க்கால் கரையில் முட்டும்போது எனக்கு நெஞ்சில் முட்டியது. நீங்களும் விடவில்லை. கிழமைக்கொரு காணொளி அனுப்பினீர்கள். அதிலே ஒருவர் ஏணி வைத்துத் தன் வாகனத்தில் ஏறினார். அதை மாமிக்குக் காட்டியதுதான் நான் விட்ட பிழை. மாமி முழங்காலைத் தடவிக்கொண்டு, "தூக்கிறதெண்டால் தூக்குங்கோ தம்பி. என்னைத் தூக்கிறதுக்கும் ரெண்டு பேரைச் சம்பளத்துக்கு வையுங்கோ" என்றார்.

மாமியைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். பெரிய கவலை பிள்ளையார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த காலத்திலிருந்து திருவிழா ஊர்வலத்துக்குப் பிள்ளையார் என் பிக்கப்பின் பின்பெட்டியில்தான் எழுந்தருளுகிறார். இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே பதவி அதுதான். ஐயர் பக்கத்தில் இருந்து, வீட்டுக்கு வீடு வாசல் படலையில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் சனம் நீட்டுகிற அர்ச்சனைத் தட்டைக் குனிந்து வாங்குவார். வாகனம் உயர்ந்தால் ஐயர் குனிவது எப்படி? ஐயரோ கட்டை ஆள். இன்னொரு பக்கம் கோயில் செயலாளர் மயில்வாகனம் அண்ணை. அவருடைய மருமகன் புதிதாக ஒரு லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரம் எடுத்திருக்கிறான். அதற்குப் பெட்டியும் பூட்டி, பெட்டியில் பிள்ளையார் படமும் கீறி வைத்திருக்கிறான். எதற்கென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இப்படி வாய்க்கால் ஒரு பக்கம் தூக்கச் சொல்ல, மாமியும் பிள்ளையாரும் மறுபக்கம் தூக்காதே என்று சொல்ல, முல்லைத்தீவில் கராஜ் வைத்திருக்கும் ஸஜாத்திடம் யோசனை கேட்டேன். நாலு அங்குலம் என்றதும் சிரித்தான். "அண்ணை, நாலு தூக்கினா முன் அச்சு இழுபடும், பிரேக் குழாய் எட்டாது, நெல்லோட வளைவில திரும்பினா வாகனம் படுத்திரும். பழைய வாகனத்துக்கு ரெண்டு காணும். வெறுமையாக் கொண்டு வாங்க, அளந்து செய்வம்" என்றான். இரண்டு என்றது எனக்கும் பிடித்துவிட்டது. ஆசைக்கும் அடக்கத்துக்கும் நடுவில் நிற்கிற கணக்கு.

ஆனால் அத்தான், முல்லைத்தீவுக்கு வெறும் வாகனத்தில் போகிற ஆளை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? போகும்போது நெல்லும் தேங்காயும், வரும்போது மீன். இல்லாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? ஆகவே அரிசி ஆலைக்கென்று நெல் மூட்டைகளை ஏற்றினேன். சுகந்தினியின் சிநேகிதிக்குத் தேங்காய், வழியில் கைகாட்டியவரின் விறகு. ஆலை பூட்டியிருந்தது. அப்படியே கராஜுக்குப் போய் நின்றேன். பின்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஸஜாத் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, எந்நாளும் இவ்வளவு பாரமா ஏத்துறீங்க?" என்று கேட்டான்.

அந்த நேரம் கராஜில் நாலைந்து பேர் தேத்தண்ணியோடு நின்று என்னைப் பார்த்தார்கள். சும்மா நிற்கிற வாகனம் என்று ஒரு கமக்காரன் எப்படிச் சொல்வான்?

"எந்நாளும்தான்" என்றேன். "இது குறைவு."

அவன் பாவம், அதை நம்பினான். இறக்கிவிட்டு அளப்போம் என்று சொல்ல வாயெடுத்தவன், எந்நாளும் பாரம் என்றால் பாரத்தோடேயே அளப்பதுதான் சரி என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். பின்பக்கம் பாரம் தாங்கும் வில்லுத்தட்டுகளோடு இன்னும் தட்டுகள் சேர்த்தான், முன்பக்கத்தையும் அதற்கேற்ற மாதிரி உயர்த்தினான். பாரத்தோடு பார்த்தால் அழகான இரண்டு அங்குலம். மீன் வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து மூட்டைகளை இறக்க இறக்கப் பின்பக்கம் எழும்பியது. கடைசி மூட்டையை இறக்கினதும், முற்றத்தில் புல்லுத் தின்ன முன்னங்காலை மடித்த மாடு மாதிரி நின்றது. சுகந்தினி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுதான் அந்த ரெண்டு இஞ்சோ?" என்றாள். மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

திருவிழாவுக்கு முதல்நாள் வெள்ளோட்டம். ஐயரை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். சரிந்த பெட்டியில் அவர் சறுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, கபினைப் பிடித்தபடி, "தம்பி, பிள்ளையார் நிப்பார். நான் நிக்கமாட்டன்" என்றார். மயில்வாகனம் அண்ணை ஒரு தட்டை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. "மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடியில கட்டி நீட்டலாம்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்காமல், "விஜிதரன், நாளைக்கு விடியச் சரிவராட்டி லாண்ட்மாஸ்டர்தான். குறை நினையாத" என்றார். உண்மையைச் சொல்கிறேன் அத்தான், எனக்கு அழுகை வந்தது. ஒரு வாகனத்துக்காக அழுகிறானே என்று நினைக்காதீர்கள். அது வாகனத்துக்காக இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தேன். சுகந்தினி வந்து, "ஸஜாத்துக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"எந்நாளும் பாரம் ஏத்திறனான் எண்டு."

"அப்ப ஏத்துங்கோவன்."

விடியவே வீட்டிலிருந்த நெல் மூட்டைகளைப் பின்பெட்டியில் பரப்பி, மேலே பட்டு விரித்துப் பீடம் வைத்தோம். வாகனம் பணிந்து கொடுத்தது. ஐயர் சறுக்கவில்லை. கொஞ்சம் எட்டிக் குனிந்தால் தட்டு கைக்கு வந்தது. ஆனால் முதல் படலையில் நின்றவர்கள் மூட்டைகளைக் கண்டு, இந்த முறை பிள்ளையாருக்கு நெல் கொடுக்கவேண்டுமாக்கும் என்று நினைத்துத் தாங்களும் ஒரு மூட்டை கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். அடுத்த வீட்டார் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அவர்களும் ஏற்றினார்கள். போகப் போகப் பிள்ளையார் இறங்கிக்கொண்டே வந்தார். பாதி ஊர் சுற்றும்போது வாகனம் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. கடைசி ஒழுங்கையில் ஐயர் குனியவேயில்லை, சனம்தான் குனிந்து தட்டைக் கொடுத்தது. அன்னதானத்துக்கு நெல் நிறைந்த சந்தோசத்தில் மயில்வாகனம் அண்ணை ஒலிவாங்கியில், "வாற வருசமும் விஜிதரன்ர வாகனம்தான்" என்று அறிவித்தார். லாண்ட்மாஸ்டர்காரன்கூடக் கைதட்டினான். மாமியையும் அன்று பணிந்து நின்ற வாகனத்தில் ஏற்றி, நெல்லைக் கோயிலில் இறக்கிவிட்டு, எழும்பிய வாகனத்திலேயே வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

ஆகவே அத்தான், நாலு அங்குலம் என்ற உங்கள் யோசனையைத் தள்ளி இரண்டைத் தெரிந்தெடுத்தது என் புத்திசாலித்தனம் என்பதை அங்கேயுள்ள சொந்தங்களுக்கும் சொல்லிவிடுங்கள். வயதான வாகனத்துக்கு அடக்கமான உயரம்தான் அழகு. அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எந்நாளும் பாரமில்லாத மனமும் பசியில்லாத வயிறும் இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மைத்துனன்,
விஜிதரன்

பி.கு.: பொதியைக் கட்டமுதல் ஒன்று சொல்லவேண்டும். இன்று காலை கோயில் நெல்லை ஆலைக்குக் கொண்டுபோக நிறையப் பாரத்தோடு வாய்க்காலில் இறங்கினேன். தூக்கிய வாகனம், ஆனாலும் பழைய அதே 'டங்'. அதோடு ஏதோ அறுந்து விழுந்தது. இறங்கிப் பார்த்தால், தண்ணீருக்குள் ஸ்பெயார் வீல். உங்கள் சூட்கேசுகளுக்கு இடம் காணாதென்று, பின்பெட்டியில் கிடந்த அந்த வீலை அடியில் சங்கிலி போட்டுக் கட்டினீர்களே, அதுதான். இவ்வளவு காலமும் முட்டினது அதுதான். வீலை எடுத்து மூட்டைகளுக்கு மேலே போட்டுவிட்டு, அதே பாரத்தோடு மூன்று தரம் இறங்கி ஏறினேன். சத்தமேயில்லை. தூக்கவே தேவையிருக்கவில்லை. பழையபடி இறக்கித் தா என்று ஸஜாத்திடம் சொல்லப் புறப்பட, மாமி படலையில் நின்று மறிக்கிறார். "இறக்கவேண்டாம் தம்பி. ஏற ஒரு ஸ்டூல் வையுங்கோ, காணும். அண்டைக்கு மேல இருந்து வரேக்க வேலிக்கு மேலால எல்லாற்ற வளவுக்குள்ளயும் என்ன நடக்குதெண்டு வடிவாத் தெரிஞ்சது."

அடுத்த முறை வரும்போது ஒரு சூட்கேஸ் போதும், அத்தான்.