மூன்றாம் தடவை

"இன்னொருக்காச் சொல்லுங்க சார்," என்றாள் இலக்கியா, இரண்டாவது முறையாக.

குருமூர்த்தி வாத்தியாருக்குத் தொண்டை வறண்டது. எட்டாம் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பெண் இவள். புளியமரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாக வீட்டில் கிடக்கிறாள். பாடம் விட்டுப்போன பிள்ளைகள் கரும்பு வெட்டும் கும்பலோடு கிளம்பிவிடுவதை மோகனூர்ப் பக்கம் அவர் நிறையவே பார்த்திருந்தார். இவளையும் விட்டுவிட மனமில்லாமல் தினமும் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தார். ஆனால், பின்னக்கணக்குகூடப் புரியவில்லை என்கிறாளே!

விழுந்ததில் தலையிலும் அடிபட்டிருக்குமோ?

"ஏனுங்கம்மா, பாப்பா நல்லாத் தூங்குதுங்களா?"

குட்டைச் சுவருக்கு அந்தப்புறம் அடுப்படியில் குனிந்திருந்த அவள் அம்மா மாரக்காள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "தூங்குதுங்க சாமி. ஐயோ, சோறு!"

அன்றும் சோறு அடிப்பிடித்திருந்தது.

மறுநாள் ஞாபகசக்திக்கென்று ஒரு கட்டு வல்லாரைக் கீரை வாங்கி வந்தார். அதற்கடுத்த நாள் விசாரித்தார்.

"கீரை தின்னியா கண்ணு?"

"அம்மா தின்னுட்டாங்க சார்."

"அத்தனையுமா?"

"ஆமாங்க சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, கேக்க மாட்டேங்குது."

போச்சு, காதும் போச்சு! அடிவயிற்றிலிருந்து கத்தினார். பக்கத்து வீட்டு அத்தாயி ஓடிவந்தாள்.

"காலொடிஞ்ச புள்ளயப் போட்டு ஏனுங்க இப்படித் திட்டறீங்க?"

"திட்டலைங்க! வட்டத்தோட பரப்பளவு!"

சனிக்கிழமை ஆட்டோவோடு வந்து நின்றார். குரல் சுத்தமாகக் கட்டியிருந்தது.

"நாமக்கல் போயித் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துரலாம். இந்தப் புள்ள படிப்பு நின்னுச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதுங்கம்மா."

மாரக்காளின் கண்கள் நிறைந்துவிட்டன. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், இ-சேவை மையம் வைத்திருக்கும் பூபதி ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தான்.

"அக்கா, எட்டாவது தனித்தேர்வுக்கு ஹால்டிக்கெட் வந்துருச்சு! போட்டோ உங்களுதுதானான்னு பாத்துக்கங்க. பாஸாயிட்டா அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட்டுரலாம்."

மாரக்காள் கூச்சத்தோடு வாத்தியாரைப் பார்த்துக் கைகூப்பினாள். விரலெல்லாம் அடுப்புக்கரி. அவளுக்குப் பின்னால், அடுப்படிச் சுவர் முழுக்கக் கரியால் எழுதிய பின்னக்கணக்குகள்.

இலக்கியா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எந்தலைக்கு ஒண்ணுமில்லைங்க சார். எனக்கு மொதத் தடவையே புரிஞ்சிரும். மிச்ச ரெண்டு தடவையும் அம்மாவுக்குங்க."