தகட்டுக்குக் காது எதற்கு?

ஓர் இயந்திரத்தில் வேண்டாத பாகம் என்று எதுவும் கிடையாது. நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தும் இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபோது அப்பா தேர்தலில் தோற்றிருந்தார்.

தேர்தல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு ராயபுரத்தில் ஒரு சின்ன சங்கம், அதற்குத் தலைவர் தேர்தல். (சங்கத்தின் பெயரை எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.) அப்பா கிரேன் ஓட்டியவர். கப்பல் கப்பலாகச் சரக்கைத் தூக்கி இறக்கிய மனிதர். ஓய்வுபெற்ற பிறகு அவர் சொல்லி வீட்டில் ஒரு தம்ளரைக்கூட யாரும் நகர்த்துவதில்லை. தலைவர் பதவியாவது வரட்டும் என்று நின்றார். போன முறை மூன்று ஓட்டில் போயிற்று. அதன் பிறகு இரண்டு மாதம் டிவியோடு மட்டும்தான் பேசினார். இந்த முறையும் எதிரி அதே திருவொற்றியூர் குணசீலன், ஒரே ஷிஃப்டில் கூட வேலை பார்த்தவர். இதிலும் தோற்றால் அப்பா டிவியோடும் பேச மாட்டார் என்று அம்மா பயந்தாள்.

சங்கத்தில் முகவரி அச்சடிக்கும் கைமெஷின் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சின்னத் தகடு. பெயரும் முகவரியும் அதில் புடைத்து நிற்கும். தகடுகளை அடுக்கி, கவரைக் கவிழ்த்து வைத்து, கைப்பிடியை இழுத்தால் 'டங்'. மை ரிப்பன் வழியாக முகவரி கவரில் விழும், தகடு கீழே போகும், அடுத்தது வரும். மாதாமாதம் சங்கச் செய்தி இதழ் இப்படித்தான் போகிறது. (கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் அடித்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஸ்டிக்கரு பிச்சிக்கும்" என்று முடித்துவிட்டார்கள்.) மெஷினை இயக்குபவர் செயலாளர் சேவியர் அங்கிள். அப்பாவின் கட்சி.

தேர்தல் நெருங்கும்போது அங்கிளுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. அப்பாவுக்கோ தன் ஆட்களை மட்டும் அவசரமாகக் கூட்டிப் பேச வேண்டியிருந்தது.

"வாட்ஸாப்ல ஒரு குரூப் போட்டுடலாம்பா," என்றேன்.

"வாட்ஸாப்பா? அஞ்சு நிமிசத்துல எவனாவது குணசீலனுக்குத் தள்ளிவுட்ருவான். கவருல போனாத்தான் ரகசியம்."

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'குணசீலன் ஓட்டுக் கேட்டு வந்தால் டீ கொடுங்கள், ஓட்டைக் கொடுக்காதீர்கள். நைட் ஷிஃப்ட் முழுக்கத் தூங்கியவரை எழுப்பித் தலைவராக்க வேண்டுமா? ஞாயிறு பதினோரு மணிக்கு என் வீட்டில் ரகசியக் கூட்டம். மதிய உணவு உண்டு.' கடிதம் கொஞ்சம் வறண்டுபோய் இருப்பதாகத் தோன்றியதால் கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'குடும்பத்துடன் வருக.' (பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள்.)

சேவியர் அங்கிள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார். "நம்ம ஆளுங்களுக்கு மட்டும் போற மாதிரி எல்லாம் செட் பண்ணி வச்சிக்கீறேன் ஸ்டெல்லா. கைப்பிடிய இழு, அவ்ளோதான். வேற எதையும் தொடாத."

கடைசி வாக்கியம் மற்றவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். நான் இன்ஜினீயர்.

மெஷினைப் பார்த்ததுமே மனசு பொறுக்கவில்லை. எவ்வளவு அழுக்கு. தகடுகளை மொத்தமாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். சில தகடுகளின் தலையில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது, மற்றவற்றில் இல்லை. ஒழுங்கில்லாத வேலை. தொட்டால் விரலையும் கிழித்தது. குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். பிறகு தகடுகளைத் துடைத்து அடுக்கிப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

கைப்பிடியை இழுத்தேன். தகடு போனது, கவர் வெள்ளையாக வந்தது. இன்னொரு கவர், அதுவும் வெள்ளை. பத்துத் தகடு போயும் ஓர் எழுத்து விழவில்லை. அந்த இரும்பு ஜந்து என்னைத் தடுக்கத் தன்னாலான வரை பார்த்தது என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் பக்கவாட்டில் ஒரு குமிழைக் கண்டுபிடித்தேன். போன பத்துத் தகட்டையும் மறுபடி மேலே அடுக்கிவிட்டு அதைத் திருப்பினேன். டங், டங், டங். ரிப்பேர் செய்துவிட்டேன்.

அப்பா எண்பது கடிதம்தான் கொடுத்திருந்தார். அது தீர்ந்தபோது தகடுகள் இன்னும் இரண்டு பெட்டி பாக்கி. நம்ம ஆளுங்க இவ்வளவு பேரா என்று நெஞ்சு நிமிர்ந்தது. எதிர்க் கடையில் மீதிக்கு ஜெராக்ஸ் எடுத்து, கவர் வாங்கி, எல்லாவற்றையும் அடித்து ஒட்டி, ஒரு சாக்கில் கட்டித் தபாலில் சேர்த்தேன். ஒரு கவரையாவது திருப்பிப் பெயரைப் படித்தேனா? இல்லை. நிமிடத்துக்கு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அங்கிள் போனில் கூப்பிட்டார்.

"காது வச்ச தகடு மட்டும் அடிச்சிதா?"

"எந்தக் காது அங்கிள்?"

"தலைல ஒரு தகரத் துண்டு செருகிக்கீதே. அது இருந்தா நம்மாளு, அடிக்கும். இல்லாங்காட்டி தாண்டிப் பூடும். சைடுல கீற குமிழத் திருப்பினா மட்டும்தான் எல்லாருக்கும் அடிக்கும்."

விரலில் கிழிந்த இடத்தைப் பார்த்தேன்.

"அத இன்னா பண்ண?"

"பிஸ்கட் டப்பால இருக்கு."

"ஒத்தக் கண்ணக் கட்டிகினு படுத்துக்கினு கீறேன்மா," என்றார் அங்கிள். "இன்னொன்னையும் மூடிக்கிறேன்."

தபாலாபீசுக்கு ஓடினேன். சாக்கு எப்போதோ போய்விட்டது. தபால் லேட், தபால் லேட் என்று ஊரே புலம்புகிறதே, அந்த வாரம் மட்டும் எர்ணாவூர் கடைசித் தெரு வரைக்கும் ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தது. அப்பாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் சொல்லவில்லை. சாயங்காலமானால் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, மழை வர வேண்டும் என்று ஜெபித்தேன். (ஏப்ரல் மாதம்.)

ஞாயிறு பதினொன்று அடிப்பதற்குள் முதல் ஆட்டோ வந்தது. இறங்கியவர் குணசீலன். மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு ஸ்வீட் டப்பா. சட்டைப்பையில் எங்கள் கடிதம்.

அப்பா வாசலில் வரவேற்கக் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார்.

"மாமு," என்றார் குணசீலன், "ரகசியக் கூட்டம்னு போட்டுக்கீற, அதான் ஹாரன் அடிக்காம வந்தோம்."

அவருக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஷேர் ஆட்டோக்கள். அம்மா விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி எண்பது பேருக்குக் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்துப் பந்தல்காரர், இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து, எனக்குக் கல்யாணம் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று.

அப்பா பேச எழுந்தார். யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் முதல் நாற்காலியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா உட்கார்ந்துவிட்டார். குணசீலன் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தை முதலிலிருந்து சத்தமாகப் படித்தார்.

"நைட் ஷிஃப்டு முச்சூடும் தூங்கினேன்னு எழுதிக்கீது. மெய்தான். எம்பொண்டாட்டி ஒடம்பு முடியாம கெடந்த வருசம், பகல்ல அவளப் பாத்துக்கினு ராவுல தூங்கினேன். என் வேலையும் சேத்துப் பாத்தது யாரு தெரியுமா? இவன்தான். ஒருத்தங்கைல சொன்னதில்ல," என்று அப்பாவைக் காட்டினார்.

கைதட்டல் எழுந்தது. அப்பாவின் ஆட்களும் தட்டினார்கள். குழம்பு தீர்ந்தபோது குணசீலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ரசம் ஊற்றினார். தோற்பது என்பது எப்படி இருக்கும் என்று அந்த ரசவாளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு கேள்விதான் அப்பா கேட்டார். "குடும்பத்துடன் வருகன்றது நான் சொன்னதா?"

"இல்லப்பா."

தலையை ஆட்டிவிட்டு இலை எடுக்கப் போனார்.

தேர்தல் முடிந்த அன்று பிஸ்கட் டப்பாவைக் கொட்டித் துண்டுகளை எண்ணினேன். அப்பாவுக்கு விழுந்த ஓட்டு அதைவிடக் குறைவு.

புதுத் தலைவர் முதல் வேலையாக என்னை மெஷினுக்குப் போட்டுவிட்டார். "ஒருத்தர் வுடாம எல்லாருக்கும் போய்ச் சேந்தது இந்தச் சங்கத்துல இதான் மொத தபா," என்றார். மறுக்க என்ன யோக்கியதை இருக்கிறது எனக்கு? மாதத்தின் முதல் சனிக்கிழமை போய்க் கைப்பிடியை இழுக்கிறேன். அப்பாவின் தகடும் வரும். டங்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சங்க இதழ் எங்கள் வீட்டுக்கே தபாலில் வரும். உள்ளே முதல் பக்கத்தில் குணசீலன் படமும் தலைவர் உரையும். அம்மா வாங்கிக்கொண்டு வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஒம்பொண்ணு லெட்டர் போட்டுக்கீறா. பிரிக்கட்டா?"

"பிரிக்க இன்னா கீது," என்பார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் ஊருக்கே போயிருக்குமே."