உண்ணி பார்க்க வந்த மகன்

ரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணியத்துக்குரிய மச்சான் ஸுஹைலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்கு துஆச் செய்தபடியே எழுதுகிறேன். இங்கே உங்கள் கூடப்பிறந்த தாத்தா, என் மனைவி நஸ்மியா சுகம், ஆடு சுகம், ஆட்டு உண்ணி அதைவிடச் சுகம். என்னைத்தான் கேட்கக் கூடாது.

மகன் பவாஸை என் கடையில் இருத்தப் பார்த்தேன். "படிக்கட்டும் விடுங்க மச்சான்" என்றது நீங்கள்தான். விட்டேன். படித்துப் படித்து, உண்ணி எந்த வாடையை முகர்ந்து ஆளைப் பிடிக்கிறது என்று கண்டியில் யூனிவர்சிட்டி கம்பஸில் இருந்து ஆராய்கிறான். அங்கிருந்து இங்கே ரெண்டு பஸ். எட்டு மாதமாக வரவில்லை. நம் ஆட்டுக்கு உண்ணி என்று நஸ்மியா போனில் சொன்னாள், மறுநாள் காலையில் வந்து நிற்கிறான்! எனக்கு ஒரு சலாம். பிறகு நேரே கொட்டிலுக்குப் போய் ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். என் முழங்கால் வலியை இன்றுவரை விசாரிக்கவில்லை.

"உண்ணிக்கு மூக்கு முன்னங்கால்லதான் வாப்பா இருக்கு. புல்லு நுனியில ஏறி, காலைத் தூக்கிக்கிட்டு, மூச்சும் வேர்வையும் வருதான்னு மாசக்கணக்கா பட்டினி கிடக்கும். பாவம்" என்றான். பாவமாம்! எட்டு மாதம் நானும்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்னை எவனும் ஆராயவில்லை.

பிறகு ஆராய்ச்சிக்கு மனித வாடையும் வேண்டும் என்று ஒரு சோடி மேஸ், காலுறைதான், தந்தான். "மூணு நாளைக்குக் காலிலேயே இருக்கட்டும் வாப்பா." பிள்ளை ஒன்று கேட்டுவிட்டானே என்று வெயிலிலும் போட்டுக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் ஒரு நீளப் பெட்டியின் ஒரு முனையில் என் மேஸ், மறுமுனையில் ஆட்டின் கழுத்தில் தேய்த்த துணி, நடுவில் இருபது உண்ணி. அத்தனையும் ஆட்டுப் பக்கம் போயின. என் பக்கம் ஒன்றாவது திரும்ப வேண்டுமே!

"உங்ககிட்ட வாடையே இல்லையே வாப்பா" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் வுழூவுக்கு மேஸைக் கழற்றி, கால் கழுவி, துடைத்துவிட்டுத்தானே போட்டேன், வாடை எங்கிருந்து வரும்? "நாப்பது வருசமா எனக்கு மட்டும் வருதே" என்று நஸ்மியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது ஆட்டோடுதான் படம் எடுத்துக்கொண்டான்.

ஆகையால் மச்சான், உங்கள் மருமகன் பவாஸுக்கு நீங்களே சொல்லுங்கள். வருவதானால் உம்மா வாப்பாவைப் பார்க்க வரட்டும், உண்ணிக்காக இந்தப் படி ஏற வேண்டாம். மிருக வைத்தியரிடம் மருந்தும் வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் என் வீட்டு வளவில் ஓர் உண்ணி மிஞ்சாது.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பக்கத்திலேயே இருக்கும் பிள்ளைகளும் தரட்டும். வஸ்ஸலாம்.

இத்ரூஸ்

பி.கு: இப்போதுதான் பவாஸ் கண்டியிலிருந்து எனக்குப் போன் எடுத்தான். "உண்ணி இன்னும் இருந்தா அடுத்த மாசமும் வாறேன் வாப்பா, இல்லாட்டி வேற ஊர் பார்க்கணும்" என்றான். "இருக்கு மகன், நிறைய இருக்கு" என்றேன். மேலே எழுதிய எதையும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். மருந்துப் போத்தலை நான் இன்னும் திறக்கவில்லை.