கோவளத்தில் சுறாப்பல் பொறுக்கிய நாள்

வீடு வாடகைக்கு விடுகிறவளுக்கு வாய்தான் மூலதனம். வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் தண்ணீர் மோட்டார் நிற்க வேண்டும், மாடியில் டிவி அடங்க வேண்டும். படப்பையில் என் காம்பவுண்டில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. என் வாய்க்கு இன்னொரு பெருமையும் உண்டு. பல். காலையில் குழாயடிக்குப் பிள்ளைகள் பேஸ்ட்டும் கையுமாக வந்தால் விடமாட்டேன். "இன்னாத்துக்குடா இந்த நுரை? வேப்பங்குச்சி வச்சுத் தேய்டா. இத்தோ பாரு!" என்று ஈயென்று இளித்துக் காட்டுவேன்.

(மேல்வரிசை முழுக்கத் தாம்பரத்தில் செய்து மாட்டியது. அது எனக்கும் அந்தப் பல் டாக்டருக்கும்தான் தெரியும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.)

என் மாடி அறையில் இருக்கும் முருகேசன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கியூ.சி. வேலை. வருகிற சாமானைப் புரட்டிப் பார்த்து, இது ஓ.கே., இது ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். அவர் மகள் மகிழ் நாலாம் வகுப்பு. சுறாவுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும், பழங்காலத்துப் பல்லெல்லாம் கல்லாகிக் கடற்கரையில் கிடக்கும் என்று அவளுடைய மிஸ் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. முருகேசனுக்கு லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை கோவளம் போவதாக முடிவாயிற்று. கீழ்வீட்டுப் பிரவீனும் ஒட்டிக்கொண்டான்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. "புள்ளைங்கள தண்ணியாண்ட தனியா வுட்ருவியா நீ?" என்று முருகேசனை அதட்டிவிட்டு, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, என் மாவுச் சல்லடையையும் எடுத்துக்கொண்டு வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கரையில் சாப்பிட்டு முடித்ததும் வேலை ஆரம்பம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா விளையாடத் தெரியாது. கம்பெனியில் மாதிரி ஆளுக்கொரு வேலையாக லைன் போட்டுத்தான் விளையாடும். பிரவீன் அலையோரத்து மணலை அள்ளிச் சலித்தான். மகிழ், அப்பாவின் பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சல்லடையில் மிஞ்சியதை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஆகாததை ரிஜெக்ட் பையில் போட்டாள். கிளிஞ்சல், ரிஜெக்ட். கண்ணாடித் துண்டு, ரிஜெக்ட். கறுப்பாக, முக்கோணமாக ஒன்று வந்தது.

"இத்த பாரேன், கூரா கீது," என்றேன்.

"பல்லுன்னா வெள்ளையால்லா இருக்கும் ஆச்சி. உங்க பல்லப் பாருங்க, எப்டி இருக்குன்னு. இது ரிஜெக்ட்டு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே நானே சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். இடுப்பில் கை வைத்து, "சீக்கிரம் ஆவட்டும்! டார்கெட் முடிக்காம எவனுக்கும் டீ பிரேக் கெடையாது!" என்று காம்பவுண்டே அதிரக் கத்துகிற கத்தலைக் கத்தினேன். அந்தக் கத்தலோடு மேல்வரிசையும் கிளம்பிப் போய்விட்டது.

குனிவதற்குள் அலை வந்து மூடியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரமாக நின்றேன். பிரவீன் அள்ளினான். சலித்தான். அலறினான்.

"ஐயோ! மனுசப் பல்லு!"

முருகேசன் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏ புள்ள, தொடாத! கடலோட போன பொணத்தோடதுல்லா இது!"

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் போலீசுக்குச் சொல்லச் சொன்னார். ஒரு அம்மாள் என் பல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மீன் விற்கிற பெண் என் தோளைப் பிடித்து, "பயந்துட்டியாம்மா? ஒக்காரு. பாவம், யாரு பெத்ததோ," என்று உச்சுக் கொட்டினாள். முருகேசன் போனை எடுத்துவிட்டார்.

வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் பல் ஸ்டேஷனுக்குப் போகும். (பல் போனால் போகட்டும் என்றுதான் முடிவு செய்தேன். சத்தியமாக.)

ஆனால் மகிழ் தன் வேலையை விடவில்லை. பல்செட்டை ஒரு குச்சியால் தூக்கி, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எப்பா, செத்தவங்க புளிச்சோறு தின்பாங்களா?"

"என்ன புள்ள சொல்லுத?"

"கறிவேப்பிலை மாட்டிருக்கு. கடலப்பருப்பும் இருக்கு." அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "ஆச்சி, எங்க, வாயத் தொறங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் நகரவில்லை. கடற்கரையில் இருந்த அத்தனை முகமும் என் முந்தானையையே பார்த்தது. கடைசியில் கையை நீட்டி, "என்னுது," என்றேன். வெறும் காற்றாக வந்தது.

முருகேசன் போனை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகிழ் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பல்லைக் கழுவி, இன்னொரு தடவை பார்த்து, "ஓ.கே. பீஸ்," என்று என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ரிஜெக்ட் பையை மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மிஸ் அந்தக் கறுப்பு முக்கோணத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏய், இதுதான் சுறாப்பல்!" என்றாராம்.

அன்றிலிருந்து குழாயடியில் பேஸ்ட் நுரை கரைபுரண்டு ஓடுகிறது. வேப்பங்குச்சி என்று நான் வாயெடுத்தால் போதும், மாடியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வரும்:

"ஆச்சி, கத்தாதீங்க! பீஸ் விழுந்துரும்!"