ஆறாவது மாடியில் மாமா மட்டும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நானும் அக்காவும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமா என்று கேட்பதுதான் முறை. தரை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் கடிதம். என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரே இடத்தில் நின்று தெருவைப் பிலிமிலும் கைபேசியிலும் எடுப்பேன். பிலிமைக் குளியலறையில் கழுவி, ஸ்கேன் செய்து, கணினியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைப்பேன். "ஒரே ஊர ரெண்டு தடவ எடுக்குறதுக்கு ஒரு படிப்பாடா?" என்று கேட்டீர்கள்.

போன ஞாயிறு, நீங்கள் குடிபோன புதுக் கட்டடத்தை எதிர்ச் சாரியிலிருந்து எடுத்தேன். பால்கனியில் நின்று கையசைத்தீர்கள். கைபேசியில் எல்லாம் இருக்கிறது. கட்டடம், பால்கனி, காயப்போட்ட துண்டு, நீங்கள். பிலிமில் கட்டடம் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அதே உயரத்தில், வெறும் வானத்தில், கையைத் தூக்கியபடி. பக்கத்தில் துண்டு.

பிலிம் கழுவும் மருந்து கெட்டுவிட்டது என்று புதிதாகக் கரைத்தேன், கேமராவைச் சந்தேகித்து வேறொன்று இரவல் வாங்கினேன், சுருளை மாற்றினேன், மறுபடி வந்து நின்று எடுத்தேன், அதில் நீங்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீர்கள், நாற்காலிக் கால்களுக்குக் கீழே தெருவிளக்கு தெரிகிறது, அத்தை பெருக்குகிறார், குப்பை கீழே விழவில்லை. அந்தக் குப்பைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பிலிம் கடைக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டடம் கட்டுன பில்டர் யாருப்பா?" என்று மட்டும் கேட்டார். அக்காவிடம் காட்டினேன். "எதுக்கும் மாமாவ ரொம்ப நடமாட வேண்டாம்னு சொல்லுடா" என்றாள். சிரிக்கவில்லை.

ஆகவே, உடனே இறங்கி வந்துவிடுங்கள். லிஃப்ட் வேண்டாம், அது பிலிமில் இல்லை. படிக்கட்டும் இல்லைதான். எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாருங்கள். முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறோம்.

அத்தைக்கு என் வணக்கம். கீழே பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணிவன்புடன்,
மருமகன்

பி.கு.: உங்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று நம் வீட்டையும் பிலிமில் எடுத்தேன். அக்காவை மாடி ஜன்னலில் நிற்கச் சொன்னேன். படம் இப்போதுதான் காய்ந்தது. தெரு இருக்கிறது. இரண்டு பக்கத்து வீடுகளும் இருக்கின்றன. நடுவில் வானம். அதில் அக்கா, சீப்பும் கையுமாக. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மேலே அவள் நடக்கும் சத்தம் கேட்கிறது. நீங்கள் கிளம்ப வேண்டாம் மாமா. நாங்களே வருகிறோம். உங்களுக்காவது அந்தரத்தில் இருந்து பழகிவிட்டது.